முழங்கால் குணமாகும் மாதங்களில் பிள்ளையின் தனிமை

கபடி, வாலிபால், கால்பந்து ஆடும் பதின்பருவப் பிள்ளைகளுக்கு முழங்காலில் ஏற்படும் கடுமையான காயங்களுள் ஒன்று, ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார் கிழிவதாகும். 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று பெற்றோர் கூறுவது பெரும்பாலும் இதையே. ஓடும்போது சட்டெனத் திரும்பினாலோ, குதித்துச் சரியாகக் கால் ஊன்றாவிட்டாலோ இது நேரலாம். எவரும் மோத வேண்டியதில்லை. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்த அபாயம் அதிகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மீண்டும் போட்டியில் இறங்கக் குறைந்தது 9 மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் அறிவுரை. அந்த 9 மாதங்களில் மாடிப்படி ஏறலாமா, சம்மணமிட்டு அமரலாமா என்றெல்லாம் கேட்கும் குடும்பத்தினர், பிள்ளை யாருடன் பேசுகிறான் என்பதைப் பற்றி அரிதாகவே கேட்கின்றனர்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அணி என்பது விளையாட்டு மட்டுமன்று. விடியற்காலைப் பயிற்சி, மிதிவண்டியில் சேர்ந்து வீடு திரும்புதல், அணியினர் வைத்த பட்டப்பெயர் ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். நட்பைத் தேடிப் போகாமலேயே நாள்தோறும் நட்பு கிடைக்கும் இடம் அது. காயம் பட்ட அன்றே இவை யாவும் ஒருசேர நின்றுவிடுகின்றன. அணியின் வாட்ஸ்அப் குழு மட்டும் தொடர்ந்து இயங்கும்; ஆனால் அதில் பேசப்படுவது அவன் ஆடாத ஆட்டத்தைப் பற்றி. 'கையில் போன் இருக்கிறதே, இவனுக்கு என்ன தனிமை?' என்று எண்ணுவது சரியன்று. தனியாக இருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், பதின்பருவத்தினரிடையே அது மிகுதி என்றும் கூறுகிறது.

இதை மனநலம் சார்ந்த தனிப் பிரச்சினை என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. முழங்காலையும் இது பாதிக்கிறது. மனம் சோர்ந்த பிள்ளை இயன்முறைப் பயிற்சிகளை விட்டுவிடுகிறது. தொடையின் முன்புறத் தசை மெலிகிறது. மற்றொரு வகைப் பிள்ளைகள், நண்பர்களிடம் திரும்ப வேண்டும் என்னும் ஏக்கத்தில், வலி இல்லை என்று கூறி ஆறாவது மாதமே மைதானத்தில் இறங்கிவிடுகின்றனர். வலி இல்லாததால் மட்டும் தசைநார் உறுதி பெற்றுவிட்டதாகாது. சீக்கிரம் திரும்பும் இளம் வயதினருக்கே மீண்டும் கிழியும் அபாயம் மிக அதிகம்.

ஆகவே, ஊன்றுகோலுடன் வெளியே செல்ல மருத்துவர் அனுமதித்ததும், வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளையைப் பயிற்சி நடக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சும்மா அமர்ந்து வேடிக்கை பார்ப்பது சிலருக்கு வேதனையைக் கூட்டும். ஆதலால், புள்ளிகளைக் குறிப்பது, ஆட்டத்தைக் காணொளியாகப் பதிவது, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என ஏதேனும் ஒரு பொறுப்பைத் தருமாறு பயிற்சியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். கேட்பதற்குத்தான் நாம் தயங்குகிறோம். 'இனியாவது ஒழுங்காகப் படி' என்னும் சொல்லைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். பொதுத்தேர்வு ஆண்டாக இருப்பின் இது கடினம் என்பதை அறிவோம். ஆயினும், காயத்தை நல்வாய்ப்பாகப் பெற்றோர் கருதுகின்றனர் என்று உணரும் பிள்ளை, தன் துயரத்தை அவர்களிடம் மீண்டும் சொல்வது அரிது.

உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, காரணமற்ற எரிச்சல், நண்பர் வந்தாலும் அறையைவிட்டு வெளியே வராமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் தெரிவியுங்கள். வாழ விருப்பமில்லை என்பதுபோல் ஒரு சொல் வந்தால், அன்றே அழைத்து வாருங்கள்; பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, பிள்ளையுடன் சில நிமிடங்கள் நாங்கள் தனியே பேச விரும்பினால், அருள்கூர்ந்து வெளியே காத்திருங்கள். முழங்காலைப் பற்றிய விவரங்களை அதன்பின் உங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்குவோம்.