சமையல்கட்டில் ஜெபம் செய்த துறவி

ஜெபம் செய்ய நல்ல இடம் எது?

கோவில் என்பார்கள். அமைதியான தனி அறை என்பார்கள். மலைக் குகை என்று சொல்வோரும் உண்டு.

சமையல்கட்டு என்று யாராவது சொல்வார்களா?

பிரான்சு நாட்டில் ஒரு துறவி இருந்தார். அவர் மடத்துச் சமையல்காரர். அடுப்புப் புகையிலும், பாத்திரங்களின் சத்தத்திலும் 15 ஆண்டுகள் வேலை செய்தார். கோவிலில் முழந்தாள் இட்டு இருக்கும்போது கடவுள் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ, அவ்வளவு அருகில் அடுப்பின் பக்கத்திலும் இருக்கிறார் என்று அவர் நம்பினார். நம்பியபடியே வாழ்ந்தார்.

அவர் பெயர் லாரன்ஸ் சகோதரர். அவர் இறந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பல நாடுகளில் உள்ள கிறிஸ்தவர்கள் அவருடைய கடிதங்களை இன்றும் படிக்கிறார்கள்.

ஏழைச் சிப்பாய்

அவருடைய இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். 1614-ம் ஆண்டு வாக்கில் லொரேன் நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியாக இருக்கிறது. பெற்றோர் ஏழைகள். பெரிய படிப்புப் படிக்க வழி இல்லை.

அது போர்க்காலம். ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை வாட்டி வதைத்த "முப்பது ஆண்டுப் போர்" நடந்துகொண்டு இருந்தது. நிக்கோலா படையில் சேர்ந்தார்.

ஒரு முறை ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டனர். ஒற்றன் என்று சந்தேகப்பட்டனர். தூக்கில் போட்டுவிடுவதாக மிரட்டினர். நிக்கோலா கலங்கவில்லை. தான் ஒற்றன் அல்ல என்று நிதானமாகச் சொன்னார். சாவுக்கு அவர் அஞ்சவில்லை என்பதைக் கண்டு, அவரை விட்டுவிட்டனர்.

பிறகு சுவீடன் நாட்டுப் படையோடு நடந்த சண்டையில் அவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. அதோடு சிப்பாய் வாழ்க்கை முடிந்தது. ஆனால், காயத்தின் கொடுமை முடியவில்லை. ஆயுள் முழுவதும் அவர் நொண்டி நொண்டியே நடந்தார்.

மொட்டை மரம்

அவருடைய 18-வது வயதில் நடந்த ஒரு சம்பவம் அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை.

அது குளிர்காலம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பல மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, பட்டுப்போனவை போல நிற்கும். அப்படி நின்ற ஒரு மரத்தை நிக்கோலா பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாளில் இதே மரம் துளிர்க்கும். பூக்கும். காய்க்கும்" என்று எண்ணினார். பட்ட மரம் போல நிற்பதையும் துளிர்க்க வைக்கும் கடவுளின் வல்லமை அப்போது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பல ஆண்டுகள் கழித்தும், கடவுள் மீது அன்று உண்டான அன்பைப் பற்றி அவர் பேசினார்.

மரத்தை ஆயிரம் பேர் பார்த்து இருப்பார்கள். அவரோ அதில் பாடம் படித்தார்!

எல்லாவற்றையும் உடைப்பவர்

படையை விட்ட பிறகு, பிரபு ஒருவரிடம் வேலைக்காரராக இருந்தார். அதில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. பெரிய உடம்பு. நிதானம் இல்லாத கை. எடுத்ததை எல்லாம் உடைத்துவிடுவார்!

1640-ம் ஆண்டு அவர் பாரீஸ் நகரில் கர்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். அங்கேதான் லாரன்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. அவர் குருப்பட்டம் பெற்ற சாமியார் அல்ல. பூசை வைக்கவோ, பிரசங்கம் செய்யவோ அவருக்கு உரிமை இல்லை. கைவேலை செய்யும் சாதாரண சகோதரர். அவ்வளவுதான்.

தன்னுடைய தவறுகளுக்கு எல்லாம் மடத்தில் நல்ல தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தே அவர் அங்கு போனார். ஆனால் அங்கு மகிழ்ச்சிதான் கிடைத்தது. கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவர் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

பிடிக்காத வேலை

மடத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை சமையல்.

சமையல் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது! கால் ஊனம் வேறு. மடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் வேளை தவறாமல் உணவு ஆக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல பேர் பல பொருள்களைக் கேட்பார்கள். வேறு வேலை கொடுங்கள் என்று கேட்க முடியாது. மடத்தில் தலைவர் சொல்வதே சட்டம்.

கடவுளைத் தேடி மடத்துக்கு வந்தவர், சட்டி பானைகளோடு நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் தியானத்தில் இருக்கும்போது, இவர் கைகளில் கரி!

இதே கேள்வி பைபிளிலும் வருகிறது. மார்த்தாள், மரியாள் என்று இரண்டு சகோதரிகள். இயேசு அவர்கள் வீட்டுக்கு வந்தார். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து போதனையைக் கேட்டாள். மார்த்தாளோ விருந்து வேலைகளில் மூழ்கிக் கவலைப்பட்டாள். மரியாளையே இயேசு பாராட்டினார்.

அப்படியானால், வேலை செய்கிறவர்களின் கதி என்ன? எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் அடுப்பை யார் பற்றவைப்பது?

லாரன்ஸ் இதற்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். கைகள் மார்த்தாளைப் போல வேலை செய்யட்டும். மனம் மரியாளைப் போல இயேசுவின் காலடியில் இருக்கட்டும். இதுதான் அவர் கண்ட வழி.

என்ன செய்தார்?

அவர் செய்தது மிகவும் எளிது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைச் செய்யலாம்.

வேலையைத் தொடங்கும் முன்பு, கடவுளிடம் நாலு வார்த்தை பேசுவார். இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது உம்முடைய சித்தம். ஆகவே நீரே உடன் இருந்து உதவி செய்யும் என்ற கருத்தில் வேண்டிக்கொள்வார்.

வேலைக்கு நடுவே, அவ்வப்போது மனதைக் கடவுள் பக்கம் திருப்புவார். வாய் அசைய வேண்டியது இல்லை. கண்ணை மூட வேண்டியது இல்லை. பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் பேசுவது போலப் பேசுவார்.

வேலை முடிந்ததும், எப்படிச் செய்தோம் என்று எண்ணிப் பார்ப்பார். நன்றாகச் செய்து இருந்தால் நன்றி சொல்வார். தவறி இருந்தால் மன்னிப்புக் கேட்பார். பிறகு அதையே நினைத்து நினைத்து நொந்துகொள்ள மாட்டார். அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

வேலை பெரிதா, சிறிதா என்று அவர் பார்ப்பது இல்லை. சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள் மீது உள்ள அன்பினால் செய்தார். தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அப்படியே. செய்யும் வேலை எது என்பது அல்ல, யாருக்காகச் செய்கிறோம் என்பதே அவர் கணக்கு.

பத்து ஆண்டு வேதனை

இதை எல்லாம் படிக்கும்போது, அவருக்கு முதல் நாளே மன அமைதி கிடைத்துவிட்டது என்று தோன்றும். அது தவறு.

மடத்தில் முதல் 10 ஆண்டுகள் அவர் மனம் மிகவும் வேதனைப்பட்டது. பழைய பாவங்கள் கண் முன்னே நின்றன. தான் நரகத்துக்குத்தான் போகப்போகிறோம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த எண்ணம் 4 ஆண்டுகள் அவரை ஆட்டிப் படைத்தது. யார் ஆறுதல் சொன்னாலும் மனம் தேறவில்லை.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நரகமோ, மோட்சமோ, என்ன கிடைத்தாலும் சரி. உயிர் இருக்கும்வரை கடவுள் மீது அன்பு வைத்து, அவருக்காகவே எல்லாம் செய்வேன் என்று தீர்மானித்தார்.

அதன் பிறகுதான் மனப்பாரம் இறங்கியது. கூலியை எதிர்பார்த்து வேலை செய்தவன், பிள்ளையாக மாறி வேலை செய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர் நிலை.

பழக்கமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மனம் ஓடும். இழுத்துக்கொண்டு வருவார். மறுபடியும் ஓடும். மறுபடியும் இழுத்துக்கொண்டு வருவார். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய பிறகே அது இயல்பாயிற்று. பிடிக்காத சமையல் வேலையும் எளிதாயிற்று.

பீப்பாய் மேல் உருண்டவர்

ஒரு முறை மடத்துக்குத் திராட்சை மது வாங்கி வரும்படி அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. படகில் நடமாடக் கால் இடம் கொடுக்கவில்லை. பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனார்!

இது உம்முடைய வேலை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, தம்மால் ஆனதைச் செய்தார். போன காரியம் நல்லபடியாக முடிந்தது.

காலில் தொல்லை அதிகமான பிறகு, சமையல் வேலையில் இருந்து அவரை மாற்றினார்கள். உட்கார்ந்தபடி துறவிகளின் செருப்புகளைத் தைக்கும் வேலை கிடைத்தது. சமையல்கட்டில் இருந்த அதே மனதோடு அவர் செருப்புத் தைத்தார்.

தேடி வந்த பெரியவர்கள்

செருப்புத் தைக்கும் இந்தச் சகோதரரைத் தேடிப் படித்தவர்கள் வந்தனர். 1666-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போஃபோர் என்ற குருவானவர் அவரைச் சந்தித்துப் பேசினார். பேசியதைக் குறித்து வைத்துக்கொண்டார். பின்னாளில் பேராயராகப் புகழ் பெற்ற ஃபெனெலோனும் அவரைப் பார்க்க வந்தார். அப்போது லாரன்ஸ் கடும் நோயில் இருந்தார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி குறையவில்லை.

கடிதம் மூலம் யோசனை கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு லாரன்ஸ் எழுதிய பதில்கள் எளிமையானவை. வேலையை விட்டுவிடும்படி அவர் யாருக்கும் சொல்லவில்லை. எப்போதும் கோவிலிலேயே இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நெஞ்சையே ஒரு சிறு கோவில் ஆக்கிக்கொண்டு, வேலைக்கு நடுவே அடிக்கடி அங்கே போய்வரலாம் என்றார். போர்வீரன்கூட, கத்தி பிடித்து நடக்கும்போது ஒரு நொடி கடவுளை நினைக்கலாம் என்று எழுதினார்.

துறவிக்கு என்ன, பிள்ளை குட்டியா, வாடகைப் பணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடும்பத்தின் கவலைகள் அவருக்கு இல்லை. ஆனால், பிடிக்காத வேலை, ஓயாத சத்தம், தீராத கால் வலி, மனதைத் தின்ற பயம் ஆகிய நான்கும் அவருக்கு இருந்தன. இவை குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் பழகியவைதானே! ஓய்வு கிடைக்கட்டும், அப்புறம் ஜெபம் செய்வோம் என்று அவர் காத்து இருக்கவில்லை. காத்து இருந்தால் அந்த ஓய்வு அவருக்குக் கிடைத்தே இருக்காது.

கடைசிக் கடிதம்

1691-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி அவர் தம் கடைசிக் கடிதத்தை எழுதினார். கடவுளைச் சீக்கிரம் காணப்போகிறோம் என்ற நம்பிக்கை அதில் தெரிந்தது. பிப்ரவரி 12-ந் தேதி அமைதியாக உயிர் நீத்தார்.

அவர் புத்தகம் எதுவும் எழுதி வைக்கவில்லை. போஃபோர் குருவானவர், தாம் குறித்து வைத்து இருந்த உரையாடல்களையும், கிடைத்த கடிதங்களையும் சேர்த்து அச்சிட்டார். அதன் முதல் பகுதி 1692-ம் ஆண்டு வெளிவந்தது. மிகவும் சிறிய புத்தகம். கடவுளின் பிரசன்னத்தில் பழகுவது என்ற பொருள் கொண்ட பெயரில் அது பல மொழிகளுக்குப் போய் இருக்கிறது. லாரன்ஸ் கத்தோலிக்கர். ஆனால் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களும் அதை விரும்பிப் படிக்கிறார்கள்.

அவர் வாழ்ந்த மடத்தின் கோவில் பாரீஸ் நகரில் வொஜிரார் தெருவின் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

லாரன்ஸ் அற்புதம் எதுவும் செய்து காட்டவில்லை. கூட்டம் கூட்டிப் பேசவில்லை. பசித்தவர்களுக்கு வேளாவேளைக்கு உணவு ஆக்கினார். பிய்ந்த செருப்புகளைத் தைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடவுள், வேலை நாளுக்கு வேறு வாழ்க்கை என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போதே அவருடைய ஜெபமும் நடந்தது!