எடைக்குப் போகும் பொக்கிஷம்

அறிவியல் கதைகளுக்கென்றே இந்தியாவில் வந்த முதல் பத்திரிகை, கல்கத்தாவில் 1963 ஜனவரியில் பிறந்த 'ஆச்சர்யா' என்ற வங்காள மாத இதழ். ஆகாஷ் சென் என்ற புனைபெயரில் அதன் ஆசிரியராக இருந்தவர் அத்ரீஷ் பர்தன். மூத்த எழுத்தாளர் பிரேமேந்திர மித்ரா வழிகாட்டினார். சத்யஜித் ராயும் தோள் கொடுத்தார். 1966இல் ராயைத் தலைவராகக் கொண்டு அறிவியல் படங்களுக்கென ஒரு திரைப்படக் கழகத்தையே தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு மித்ரா, பர்தன், ராய், திலீப் ராய்சௌத்ரி நால்வரும் 'சபுஜ் மானுஷ்' என்ற கதையைப் பங்கு பிரித்து எழுதி, கல்கத்தா வானொலியில் படித்தார்கள்.

இத்தனை பேர் இருந்தும் இதழ் பத்தாண்டைத் தொடவில்லை. மனைவியின் மரணத்தில் பர்தன் ஒடிந்துபோனார், 'ஆச்சர்யா' நின்றது. 1975இல் 'ஃபண்டாஸ்டிக்' என்ற இதழோடு அவர் மறுபடி எழுந்தது தனிக் கதை.

பத்திரிகை நிற்பது புதிதல்ல. நின்ற பிறகு அதன் பிரதிகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கவலை. மலிவான மரக்கூழ் காகிதத்தில் அமிலம் ஊறிக்கிடக்கிறது. முதலில் ஓரம் பழுப்பேறும். பிறகு மடித்த இடத்தில் ஒடியும். கடைசியில் விரல் பட்டாலே பொடியாகும். அதற்கும் முந்திக்கொள்கிறது பழைய பேப்பர் கடைத் தராசு.

தண்ணீரும் விட்டுவைப்பதில்லை. சென்னைப் புறநகரில், நெசவாளர் ஊரான அனகாபுத்தூரில் 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் ஊறிய வார இதழ் கட்டு காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். ஒரு தாளைப் பிரித்தால் இரண்டு தாள் கிழியும். வாரப் பத்திரிகைகளில் சுஜாதாவின் அறிவியல் தொடர்களைப் படித்து, கத்தரித்து, பைண்டு செய்து வைத்த தலைமுறை நம் புறநகர்களில் இன்றும் இருக்கிறது. அந்தத் தொகுப்புகள் இப்போது பரண்மேல் இருக்கின்றன. வீடு மாறும் நாளில் அவை எங்கே போகும்?

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே என்பவர்கள் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் காகிதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தால்தானே ஸ்கேன் செய்ய முடியும்? 'ஆச்சர்யா'வின் பழைய இதழ்களையும் வாசகர்கள்தான் தேடிப் பிடித்து மின்வடிவமாக்கினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்தவையே சென்னையில் 1994இல் அவர் பெயரிலான ஆய்வு நூலகத்துக்கு வித்தாயின.

அந்த நூலகம் இருக்கும் தரமணி, அனகாபுத்தூரிலிருந்து வெகுதூரமில்லை. தாத்தாவின் பைண்டு புத்தகங்களை எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்தை விசாரியுங்கள். அட்டையையும் ஆண்டு, மாதம் அச்சான பக்கத்தையும் கிழிக்காமல் கொடுங்கள்.