வந்தவர்களுக்கு நிலம் கொடுத்த ஊர்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் பாதி வழி தாண்டினால் உத்தனப்பள்ளி. கெலமங்கலத்துக்கு ஒரு பக்கமும் சூளகிரிக்கு ஒரு பக்கமும் சாலை பிரிகிற இடம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் தரையமைப்பில் இது மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். நிலம் அந்தச் சரிவுக்குத் தயாராகிற பகுதியில் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது. செம்மண், நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள், பள்ளத்தில் ஏரி, மேட்டில் மானாவாரி. மார்கழியில் வெயில் ஏறிய பிறகும் பனி விலகாது.

எல்லையோரத்தில் வாழ்வது இந்த வட்டாரத்துக்குப் பழக்கம்தான். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபோது ராயக்கோட்டை கம்பெனி வசமானது, கெலமங்கலம் மைசூரோடு நின்றது. ஏழு ஆண்டுகள் இரண்டு அரசுகளின் எல்லை இந்தப் பக்கம்தான் ஓடியது. 1799 மார்ச்சில் கம்பெனித் தளபதி ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டையைத் தாண்டி, கெலமங்கலம் வழியாகச் சீரங்கப்பட்டணம் நோக்கிப் போனது. அந்தக் காலப் படைகளுக்குப் பொதிமாடுகளில் தானியம் சுமந்து விற்றவர்கள் லம்பாடி வணிகர்கள். திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதி ‘பாலாகாட்’ என்ற பெயரில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1965-இல் தருமபுரி, 2004-இல் கிருஷ்ணகிரி என்று மாவட்டம் மாறிக்கொண்டே வந்தது.

ஊர்களின் பெயர்களிலேயே மொழிக் கலப்பு தெரியும்: அயர்னப்பள்ளி, கூத்தனப்பள்ளி, திம்ஜேப்பள்ளி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, அலுவலகத்தில் தமிழ் பேசி, சந்தையில் உருதும் கலந்து விலை பேசுகிறவர்கள் இங்கே சாதாரணம். கிருஷ்ணகிரித் தொகுதியின் இன்றைய மக்களவை உறுப்பினர் 2024-இல் தெலுங்கில் பதவியேற்றபோது வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். ஓசூர்ப் பக்கத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஆடு மேய்க்கும் குரும்பர், ஒக்கலிகர், தெலுங்கு பேசும் பல சமூகத்தார் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில், மேய்ச்சலுக்கோ போரிலிருந்து தப்பியோ பாளையக்காரருக்குப் பின்னாலோ இந்தப் பீடபூமியின் ஓரத்துக்கு வந்தார்கள். மானாவாரி நிலத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. உழுகிறவனை எந்த மொழிக்காரன் என்று அது கேட்கவில்லை. எல்லோருக்கும் சொந்த நிலம் கிடைத்தது என்று சொன்னால் பொய். ஆதிதிராவிடர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கும் வாரத்துக்கும் உழைத்தன. ஆனாலும் வந்தவர்கள் மண்ணைத் தொட்டுத்தான் ஊர்க்காரர்கள் ஆனார்கள். அந்த வழி இப்போது அடைபடுகிறது.

அந்த மானாவாரிக் காலத்தில் ஆண்டு முழுவதும் வேலை ராகியைச் சுற்றி ஓடியது. ஆடி மழைக்கு உழவு, ராகிக்கு நடுவே சால் சாலாக மொச்சை, வரப்போரம் ஆமணக்கு. கார்த்திகையில் அறுவடை. கதிரைப் போராக அடுக்கி ஆறவிட்டு, தை மாதம் களத்தில் பரப்பி மாடு பூட்டிய கல் உருளையை ஓட்டுவார்கள். மிஞ்சிய தானியத்தை மண்ணுக்குள் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டால் இரண்டு மூன்று பஞ்சத்துக்குத் தாங்கும். ராகியைப் புழு தொடாது என்பதால்தான் மழையை நம்பிய இந்த ஊர்கள் பிழைத்தன. தாள் மாட்டுக்கு, மாவு களிக்கு. மொச்சைக் காலத்தில் ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். பிதுக்கம் பருப்புக் குழம்பும் களியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மார்கழி என்றால் முதலில் அந்த வாசனைதான். கல் உருளை போய்விட்டது. இன்றும் சில சாலைகளில் ராகித் தாளைப் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்திலேயே மணியைப் பிரிப்பவர்கள் உண்டு. இரு சக்கர வாகனம் வழுக்கும் ஆபத்து இருப்பதால் அந்தப் பழக்கம் நிற்க வேண்டியதுதான்.

ராகி முற்றும் நேரம் யானைக்கும் தெரியும். பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஆண்டுதோறும் கூட்டமாக வந்து சானமாவு காட்டில் தங்கி, இரவில் வயலில் இறங்கும். பரண் கட்டி, பந்தம் கொளுத்தி, தகரம் தட்டிக் காவல் காத்த கதைகள் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் உண்டு. இன்று சூரிய மின்வேலியும் வனத்துறையின் விரட்டும் குழுவும் வந்துவிட்டன. யானையின் நடை மாறவில்லை. அது தாண்டுகிற ஓசூர்–ராயக்கோட்டைச் சாலைதான் நான்கு வழியாக அகன்றுவிட்டது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளிப் பக்கமாக வந்து தருமபுரிக்குப் போகிற அந்தத் தேசிய நெடுஞ்சாலைதான் இப்போது இந்த வட்டாரத்தின் முதுகெலும்பு. முன்பு ஒரு ரயிலும் இருந்தது: 1913-இல் ஓசூரை எட்டிய அந்தக் குறுகிய பாதை ரயிலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், மூடினார்கள். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இனி அரிது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வந்துதான் பழைய வேளாண்மை மாறியது என்று நினைப்பது தவறு. அதற்கு முன்பே அது ஒருமுறை முழுதாக மாறிவிட்டது. கவலை ஏற்றம் போய் மின்மோட்டார், கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறு. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருந்ததால் பற்களில் கறையும் மூட்டுகளில் வலியும் வந்தன. அதைத் தீர்க்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் அதே நிலத்தடி நீரும் பெங்களூருச் சந்தையும் சேர்ந்து ராகி மேட்டைத் தக்காளித் தோட்டமாக்கின. ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்குப் பல ஊர்களிலிருந்து லாரி வருகிறது. பின்னாலேயே முட்டைக்கோஸ், பீன்ஸ், பசுமைக்குடிலில் ரோஜா, குடைமிளகாய். விலை விழுந்தால் தக்காளியைச் சாலையில் கொட்டுவதும், 2023 ஜூலை போல கிலோ நூறு ரூபாயைத் தாண்டினால் கடன் அடைப்பதும் இந்த வாழ்க்கையில் சேர்ந்தவை. இன்று உத்தனப்பள்ளிக்காரர் ‘என் நிலம்’ என்று சொல்வது தாத்தாவின் மானாவாரியை அல்ல. கடன் வாங்கி, குழாய் இறக்கி, சொட்டுநீர் போட்டு அவரே உருவாக்கிய தோட்டத்தை.

ஓசூரில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியது 1970-களில். 1980-இல் அசோக் லேலண்ட், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலை. அந்தக் காலத்தில் ஆலை இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வீட்டுக்கு ஒருவர் பேருந்தேறி ஷிப்டுக்குப் போய் வந்தார், சம்பளத்தில் கிணறு ஆழமானது. வயலும் ஆலையும் ஒன்றையொன்று தாங்கின. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது, ஆலை தெற்கே நகர்ந்தது. கெலமங்கலத்துக்கும் உத்தனப்பள்ளிக்கும் நடுவே கூத்தனப்பள்ளியில், ஐபோன் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை எழுந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி தரப்பட்டதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார்.

இந்த மாற்றத்தில் நல்லது இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தேன்கனிக்கோட்டை மலையோரக் கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் வாங்கி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறாள் என்றால் அது பெரிய காரியம். எந்த ராகி வயலும் அவளுக்கு அதைத் தந்ததில்லை.

ஆனால் ஜார்க்கண்டிலிருந்து வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். விடுதி, ஆலைப் பேருந்து, ஷிப்டு, மறுபடி விடுதி. ஊர் ஏரி எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 2024 செப்டம்பர் 28 அன்று அந்த ஆலையில் பெரும் தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது, ஊர்க்காரப் பெண்கள் வீட்டுக்குப் போய்க் காத்திருக்க முடிந்தது. வெளிமாநிலப் பெண்ணுக்கு இங்கே போக வீடு இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்தவர்களை இந்த ஊர் சேர்த்துக்கொண்டது வயலிலும் சந்தையிலும்தான். இந்தப் பெண்கள் இரண்டுக்கும் வருவதில்லை. ஆனால் மளிகைக் கடைக்காரர் ஏற்கெனவே அவர்களோடு இந்தியில் கணக்குப் பேசுகிறார். மொழி கற்கும் பழைய பழக்கம் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

இதற்கிடையில்தான் ஐந்தாவது சிப்காட். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போவதாகத் தகவல் வந்ததும், 2023 தொடக்கத்திலிருந்து விவசாயிகள் உத்தனப்பள்ளியில் தொடர்ந்து காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். விளைநிலத்தை விட்டுவிட்டுத் தரிசை எடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் தரிசு என்று பதிவேட்டில் இருப்பது வெற்று நிலம் அல்ல. குரும்பரின் ஆடு மேய்வது அங்கே, ஏரிக்கு மழைநீர் வழிந்து வருவது அந்த மேட்டிலிருந்து, யானை நடப்பதும் அந்த ஓரமாகத்தான்.

2013-ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுப்பதென்றால் எண்பது விழுக்காட்டினரின் ஒப்புதலைக் கேட்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ். அதில் இந்த இரண்டும் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. உடனே மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி அதை உயிர்ப்பித்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. இதனால் பட்டா உள்ளவருக்குத்தான் இழப்பீடு பேசப்படுகிறது. வாரத்துக்கு உழுகிறவர், தக்காளி பறிக்கிற கூலிப் பெண், மேய்ச்சல்காரர் யாரும் கணக்கில் வருவதில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் அரசு இந்த மூன்று ஊராட்சிகளில் அந்தக் கணக்கை எடுக்கலாம். யார் எந்த நிலத்தில் பிழைக்கிறார்கள், எந்த ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, யானை எந்த மாதம் எங்கே தாண்டுகிறது, விடுதிகளில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதையெல்லாம் எழுதி, ஒரு வரைபடத்தோடு கிராம சபையில் வைக்கலாம். நிலமெடுப்பு அறிவிப்புக்கு முன்பே அதை வைக்க வேண்டும்.