செஞ்சியில் இளைஞர் பணிமுகாம்: ஓர் இறையியல் நோக்கு

திருச்சபை இளைஞரின் பணிமுகாம்களுக்கு முன்னோடிகள் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டவரான பியேர் செரசோல், உலகப்போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமமொன்றைச் சீரமைக்க 1920இல் பன்னாட்டுத் தொண்டர்களைத் திரட்டினார். குழுவில் ஜெர்மானியர் இருந்தமையால் உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே முகாம் கலைந்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் அவர் பீகாரிலும் பணியாற்றினார். நன்னோக்கம் மட்டும் போதாது என்பதே முதல் முகாம் தரும் பாடம்.

இன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கு நம் இளைஞர் செல்வதாகக் கொள்வோம். கோட்டையின் களஞ்சியங்களையும் குளங்களையும் துப்புரவு செய்ய அவர்கள் விழையலாம். ஆனால் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; 2025இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது. அனுமதியின்றி அங்கு மண்வெட்டியை எடுத்தலாகாது. சுற்றுப்புற ஏரியில் தூர்வாரலாமே எனில், நிலமற்ற கூலியாளருக்கு அது பிழைப்பு. நாம் இலவசமாய்ச் செய்யும் வேலை அவர்தம் கூலியைப் பறிக்கக்கூடும்.

எரிகோவில் பர்திமேயு பார்வையற்றவன் என்பதை யாவரும் அறிவர். எனினும் ஆண்டவர், அவன் வேண்டுவது யாதென முதலில் வினவினார். அவ்வினாவால் அவன் இரக்கத்தின் பொருளாயிராமல், பேசும் மனிதனாய் நின்றான்.

ஆகவே, முகாமின் திட்டத்தை நகரத்து இளைஞர் வகுத்தல் முறையன்று. உள்ளூர்ச் சபையாரும் கூலியாளரும் கூடிப் பணியைத் தெரிவு செய்க. "எங்களுக்கு உங்கள் உழைப்பு வேண்டாம்" என அவர்கள் கூறின், அதனையும் ஏற்பதே ஊழியம்.