பிள்ளை எத்தனை என்று யார் முடிவு செய்வது?

என் அம்மாவுக்கு நான் மூன்றாவது பிள்ளை. பிறந்தது 1975ஆம் ஆண்டில். அப்போதைய சிங்கப்பூரில் மூன்றாவதாகப் பிறப்பது கொஞ்சம் சங்கடமான காரியம். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்தார். முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பிரசவக் கட்டணமும் கூடுதல். அதையெல்லாம் அவர் எப்போதோ மறந்துவிட்டார். மறக்காதது ஒன்று உண்டு. நான் பிறந்த மறுநாள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். "இனிமேல் பிள்ளை பிறக்காது, நல்லதுதானே" என்றார் ஒரு தாதி. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம்.

நான்காவது பிள்ளை பெறும் எண்ணம் அம்மாவுக்கு இருந்ததில்லை. விளக்கிச் சொல்லிக் கேட்டிருந்தால் அவரே சரி என்றிருப்பார். ஆனால் யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் ஐம்பது ஆண்டு ஆகியும் அவருக்குப் போகவில்லை.

இன்றைக்குக் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது. அதாவது, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. உடனே எல்லாரும் இளம் பெண்களைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டோம். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் அத்தையும் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கிறார். அன்று "ஏன் இத்தனை?" இன்று "ஏன் இன்னும் இல்லை?" இரண்டு கேள்வியிலும் அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு இடமில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இந்த நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு அரசாங்கம் தொடங்கிய வேலை அல்ல. போர் முடிந்த பிறகு, பசியால் வாடிய பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் நிலையங்களில் தொண்டு செய்த பெண்கள், இந்தத் தாய்மார்களுக்கு அடுத்தடுத்த பிரசவத்திலிருந்து தப்பிக்க வழி தெரியவில்லையே என்று கலங்கினார்கள். அவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ. 1949ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் மருந்தகங்களுக்குப் பெண்கள் தாங்களாகவே வந்தார்கள். அவர்களை யாரும் இழுத்து வரவில்லை.

1966ஆம் ஆண்டில் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியத்தை அமைத்து இந்தப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில்தான் தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு 109 பிரசவம்! கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. அந்த நெருக்கடியைப் பார்த்தவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உதவி எப்போது அழுத்தமாக மாறியது? 1972ஆம் ஆண்டில் "இரண்டே போதும்" இயக்கம் வந்தது. சுவரொட்டிகள் நான்கு மொழிகளிலும் ஒட்டப்பட்டன. மூன்றாவது பிள்ளைக்குச் சம்பள விடுப்பு இல்லை. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. ஏழு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் தாயின் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு வந்தது அதைவிட வேதனை. 1983ஆம் ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில், படித்த பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுவதாகப் பிரதமர் லீ குவான் இயூ கவலை தெரிவித்தார். 1984ஆம் ஆண்டில் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், குறைந்த கல்வியும் குறைந்த வருமானமும் உள்ள, முப்பது வயதுக்கு உட்பட்ட தாய்மார்கள் ஓரிரு பிள்ளைகளுடன் கருத்தடை அறுவை செய்துகொண்டால் மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி போடப்படும் என்றார்கள். ஒருத்திக்குப் "பெற்றுக்கொள்", இன்னொருத்திக்கு "நிறுத்திக்கொள்".

இதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதல்ல. பட்டதாரிப் பெண்களே, சலுகை யாருக்குக் கிடைக்கவிருந்ததோ அவர்களே, வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். 1984ஆம் ஆண்டின் இறுதியில் பெண்களின் தெரிவுகள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே கூடியவர்கள்தாம் மறு ஆண்டு அவேர் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். பட்டதாரித் தாய்மார் சலுகை 1985ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. 1987ஆம் ஆண்டில் சுலோகமும் மாறியது: வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்! என் அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவ்வளவு இனிமையாக இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கருக்கலைப்புச் சட்டம் 1970ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, 1974ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது. பெண்ணின் எழுத்துபூர்வச் சம்மதத்துடன், 24 வாரம் வரை, அனுமதி பெற்ற மருத்துவர் செய்யலாம். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான பெரும் பாதிப்பு என்ற நிலையில் மட்டுமே. முதலில் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். பார்த்த பின் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டில் வந்த இந்த விதி ஆரம்பத்தில் எல்லாருக்கும் பொருந்தவில்லை. குறைவாகப் படித்த பெண்ணுக்கு ஆலோசனை கட்டாயமில்லை என்று வைத்திருந்தார்கள். அவளுக்குத்தானே அதிகம் தேவை? 2015ஆம் ஆண்டில்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது.

கணவரின் கையெழுத்து வேண்டுமா என்று பலர் தயங்கிக் கேட்பதுண்டு. சட்டம் அதைக் கேட்கவில்லை. சிகிச்சை விவரத்தை வெளியிடுவது குற்றம். மனச்சாட்சிக்கு விரோதம் என்று கருதும் மருத்துவரோ தாதியோ விலகி நிற்கலாம். தாயின் உயிரைக் காக்கவோ, உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான பெரும் பாதிப்பு வராமல் தடுக்கவோ உடனடியாகத் தேவைப்படும் நிலையில் மட்டும் விலக்கு இல்லை. சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் மனச்சாட்சிக்கு இந்தச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, அடுத்தவருடைய மனச்சாட்சிக்கும் கொடுத்திருக்கிறது.

சட்டம் இருந்தால் கருக்கலைப்பு பெருகும் என்ற அச்சம் இன்னும் சொல்லப்படுகிறது. 1985ஆம் ஆண்டில் 23,000க்கும் மேல் நடந்தன, உண்மைதான். அண்மை ஆண்டுகளில் 5,000க்கும் கீழே இறங்கிவிட்டன. 24 வார வரம்பு அப்படியேதான் இருக்கிறது. இறக்கத்துக்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் பெருகவில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது.

கருத்தடை பற்றி நம் வீடுகளில் இன்னும் குசுகுசுப்புதான். மாத்திரை, கருப்பைச் சாதனம், கையில் பொருத்தும் குச்சி, ஆணுறை எனப் பல வழிகள் உண்டு. அவசர மாத்திரைக்கு இங்கே மருத்துவரின் சீட்டு வேண்டும். நேரம் போகப் போக அதன் பலன் குறையும், ஆகவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடக் கூடாது. நிரந்தரக் கருத்தடை என்றால், ஆணுக்குச் செய்யும் அறுவை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. இதை ஓர் உறவினர் வீட்டில் சொன்னேன். அங்கிருந்த ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று காற்பந்து ஆட்டம் நினைவுக்கு வந்துவிட்டது!

பிள்ளை வேண்டும் என்பவர்களின் உரிமையும் இதில் அடக்கம். மருத்துவக் காரணம் இல்லாமலே கருமுட்டையை உறையவைக்க 21 முதல் 37 வயது வரையிலான பெண்களுக்கு 2023ஆம் ஆண்டு ஜூலையில் அனுமதி கிடைத்தது. ஆனால் திருமணமானவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்திக் கருவுறலாம். இது சரியா என்ற வாதம் நடக்கட்டும். பெண்களும் அந்த வாதத்தில் பேசட்டும்.

அம்மாவிடம் நீட்டிய தாளுக்கு வருகிறேன். கருத்தடை அறுவைக்கான சட்டப்படி, சிகிச்சையின் பொருளையும் விளைவையும் மருத்துவர் முழுமையாக விளக்க வேண்டும். தெளிவாகப் புரிந்தது என்று சம்பந்தப்பட்டவர் எழுதித் தர வேண்டும். புரியாத மொழியில் புரிந்ததாக எழுதித் தர முடியாது. பலதுறை மருந்தகமோ மருத்துவமனையோ, ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும்போது, தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுங்கள். பிறகு பேனாவைக் கொடுங்கள்.