கோப்பைச் சேமிக்க அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

பெங்களூரில் கணிப்பொறிச் சாதனங்களின் விற்பனைக்குப் பெயர்பெற்றது சாதர் பத்ரப்பா சாலை. பழைய பொறி பழுதுற்றபின் இத்தகைய கடைத்தெருவில் புதியதொன்றை வாங்கி, பழைய வன்தட்டை அதில் பொருத்திக்கொள்வோர் உண்டு. பின்னர்ப் பழைய கோப்புறை ஒன்றில் கடிதமொன்றைச் சேமிக்க முற்படுங்கால், அனுமதி இல்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகிறது. தட்டு கெட்டுவிட்டதென அஞ்சி, அதனை முற்றிலும் துடைத்துப் புதிதாக அமைப்போரும் உளர். அங்ஙனம் செய்யின் குடும்பத்தின் நிழற்படங்களும் பத்திர நகல்களும் அழிந்துபோம். இவ்வறிவிப்போ தட்டின் பழுதைக் குறிப்பதன்று, உரிமையைப் பற்றியது.

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து உபயோகிக்கத் தொடங்கியபோதே இவ்வுரிமைப் பிரச்சினையும் எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் செய்துகாட்டப்பெற்ற காலப்பகிர்வு அமைப்பில், 1966-இல் ஒரு விந்தை நேர்ந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தினர். திருத்தும் நிரல் இரண்டிற்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பைக் கையாண்டமையால், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்நுழைந்தோர் அனைவர்க்கும் புலப்பட்டன! 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸின் மரபில், உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகள் தனித்தனியே வகுக்கப்பெற்றன. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி., ஒவ்வொரு கோப்புடனும் உரிமைப் பட்டியல் ஒன்றையே இணைத்துவிட்டது.

இப்பட்டியலில் காணப்படுவது மனிதரின் பெயரன்று. கணக்கு தோன்றியபோது பொறி வழங்கிய நீண்ட எண். புதிய பொறியில் அதே பெயரில் கணக்குத் தொடங்கினும் எண் வேறாகும். ஆகவே பழைய தட்டு தன் எசமானரை அயலாராகவே கருதுகிறது. நினைவுக்குச்சிகளில் இத்தொல்லை பெரும்பாலும் எழாமைக்குக் காரணம், அவற்றில் வழங்கும் ஃபேட் போன்ற அமைப்புகள் உரிமைப் பட்டியலை வைத்துக்கொள்வதேயில்லை என்பதாம்.

பரிகாரம் எளிது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்பு என்னும் பகுதியைத் திறந்து, அதன் மேல்நிலை அமைப்பில் உடையவர் பெயரைத் தம் கணக்கிற்கு மாற்றவேண்டும். உட்கோப்புறைகளுக்கும் இம்மாற்றம் செல்லுமாறு குறியிடுதல் அவசியம். பிறகு அதே பகுதியில் தம் கணக்கிற்கு முழு உரிமையை அளிக்கவேண்டும். உடைமை மாறியதுகொண்டே எழுதும் உரிமை வந்துவிடாது. பலர் இடறுவது இவ்விடத்தில்தான். எல்லோருக்கும் முழு உரிமை என்று அளித்துவிடுவது, சாவி தொலைந்ததென்று கதவையே கழற்றி வைப்பதை ஒக்கும்.

விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளில் இம்முறையைக் கையாளலாகாது. அவை வேண்டுமென்றே பூட்டப்பெற்றவை. நம் கடிதங்களுக்கு ஆவணக் கோப்புறை இருக்கிறது. ஆவணக் கோப்புறையிலேயே தடை தோன்றின், பணயத் தீநிரல்களைத் தடுக்க 2017-இல் சேர்க்கப்பெற்ற காப்பமைப்பு காரணமாகலாம். அப்போது காப்பை நீக்காமல், நம்பிக்கைக்குரிய அந்த ஒரு நிரலை மட்டும் அதன் அனுமதிப் பட்டியலிற் சேர்த்தல் போதும்.

மறையாக்கம் செய்யப்பெற்ற கோப்புகளோ வேறு வகையின. உடைமையை மாற்றினும் அவை திறவா. அவற்றின் திறவுகோலை, பழைய பொறி இயங்கும்போதே நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.