வாங்காத வீட்டின் விலை

2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து ஸில்லோ என்றொரு இணையதளம் தொடங்கியது. தொடங்கிய சில மணி நேரத்துக்குள் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. இத்தனைக்கும் விற்பனைக்கு வந்த வீடுகளைக் காட்டுவது அன்றைக்கு அதன் வேலையாகவே இருக்கவில்லை. நாடு முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு, இன்றைய நிலவரத்தில் என்ன விலை போகும் என்று கணினி போட்ட ஒரு மதிப்பை வைத்திருந்தார்கள். முகவரியைத் தட்டினால் தொகை வரும். அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம்.

வந்தவர்கள் தேடியது புது வீட்டையா? சொந்த வீட்டின் முகவரியைத் தட்டிப் பார்த்தவர்கள்தான் ஏராளம். அடுத்தது பக்கத்து வீடு. அப்புறம் மைத்துனன் வீடு, மேலதிகாரியின் வீடு. நம் ஊர் டீக்கடையில் "அந்தக் கார்னர் வீடு எவ்வளவுக்கு முடிஞ்சுதாம்?" என்று விசாரிக்கிறவர் அதை வாங்கப்போவதில்லை. ஆனால் பதில் தெரியாமல் அவர் எழுந்து போகவும் மாட்டார். மனை, வீடு பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் வாசகர் கையில் முன்பணத்தோடு நிற்பவர் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அப்படிப்பட்டவர் ஊருக்குச் சிலர். அவரும் பத்திரம் முடிந்ததும் படிப்பதை நிறுத்திவிடுவார். டீக்கடையில் விசாரிக்கிறவர்கள்தான் வருடம் முழுக்கப் படிக்கிறவர்கள்.

அவர்களை இழுப்பது எது என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல விளக்கம் உண்டு. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே உள்ள இடைவெளியை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்றார். முழுக்கத் தெரிந்துவிட்டால் இடைவெளி இல்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் இடைவெளி இருப்பதே தெரியாது. 2009-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். 19 பேரை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்துப் பொது அறிவுக் கேள்விகளைக் காட்டினார்கள். ஆர்வம் கூடக்கூட, பரிசு வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. ஆர்வம் உச்சத்தில் இருந்தது எந்தக் கேள்விக்குத் தெரியுமா? சுத்தமாகத் தெரியாத கேள்விக்கும் இல்லை, நிச்சயமாகத் தெரிந்த கேள்விக்கும் இல்லை. 'இதுவாக இருக்குமோ' என்று அரைகுறையாகத் தெரிந்த கேள்விக்கு. அந்த விடையை அறிய ஆட்கள் காத்திருக்கவும், கையிலிருந்த டோக்கனைச் செலவழிக்கவும் தயாராக இருந்தார்கள்.

சொந்தத் தெருவின் விலை என்பது அரைகுறை அறிவுக்கு இலக்கணம். தெருவின் அகலம் தெரியும், மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்கும் என்று தெரியும், மூன்று வருடத்துக்கு முன் ஒரு மனை போன விலை காதில் விழுந்திருக்கும். இன்றைய தொகை மட்டும் தெரியாது. அந்த ஒரு எண்ணைத்தான் ஸில்லோ நீட்டியது.

அந்த எண்ணை எப்படிப் போட்டார்கள் என்பது இன்னும் சுவாரசியம். ஓட்டலில் ஐம்பது மேசைகளின் மொத்த பில் தொகையும், எந்த மேசையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும், விலைப்பட்டியல் மட்டும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து கணக்குப் போட்டால் தோசை என்ன விலை, காபி என்ன விலை என்று பிரித்து எடுத்துவிடலாம். வீட்டுக்கும் அதே கதை. விற்ற வீடுகளின் மொத்த விலையும் அவற்றின் விவரங்களும் போதிய அளவு கிடைத்தால், ஒரு படுக்கையறை கூடினால் எவ்வளவு, கட்டடத்துக்கு ஒரு வயது ஏறினால் எவ்வளவு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு என்று தனித்தனியே விலை பிரிக்கலாம். பிரித்ததைத் திரும்பக் கூட்டினால் விற்காத வீட்டுக்கும் ஒரு விலை கிடைக்கும். இந்தக் கணக்கின் பூர்வீகம் காய்கறிச் சந்தை. 1928-இல் ஃபிரெடரிக் வா என்பவர் பாஸ்டன் சந்தையில் அஸ்பாரகஸ் தண்டின் பச்சை நிறம் எத்தனை அங்குலம் நீண்டால் விலை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். அதற்கு முழுமையான பொருளாதாரக் கோட்பாட்டை 1974-இல் ஷெர்வின் ரோசன் எழுதினார்.

கணக்கு தப்பாதா? தப்பும். விற்பனைக்கு வராத வீடுகளில் தன் மதிப்பீட்டின் இடைநிலைப் பிழை சுமார் 7 சதவீதம் என்று ஸில்லோவே வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது பாதி வீடுகளில் பிழை அதைவிடப் பெரிது. 2016-இல் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்பென்சர் ராஸ்காஃப் தன் சியாட்டில் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். மறுநாள் அவருடைய தளமே அந்த வீட்டுக்குக் காட்டிய மதிப்பு 17.5 லட்சம் டாலர். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

ஆனால் பிழை வாசகரை விரட்டவில்லை என்பதுதான் வியப்பு. வீட்டு உரிமையாளர்கள் தங்கள் வீட்டின் விவரங்களைத் திருத்திக்கொள்ள ஸில்லோ இடம் கொடுத்திருந்தது. உங்கள் வீட்டுக்கு மூன்று படுக்கையறை இருக்க, ஒருவன் ஊரறிய இரண்டு என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டால் சும்மா இருப்பீர்களா? சரியாக எழுதினால் தலையாட்டிவிட்டுப் போகிறவர், தன் வீட்டைப் பற்றித் தப்பாக எழுதினால் உட்கார்ந்து பதில் எழுதுவார். அந்தத் திருத்தம் தரவுக்குள் போக, கணக்கு கொஞ்சம் சீராகும். இதற்காகவே வேண்டுமென்று தப்பாக எழுதலாமே என்று குறுக்கு யோசனை தோன்றுகிறவர்களும் உண்டு. அது ஒரு தடவைக்குமேல் செல்லாது.

இனி விளம்பரச் சொற்களுக்கு வருவோம். சிகாகோப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் அந்த வட்டாரத்தில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்ற 3,000-க்கும் மேற்பட்ட விற்பனைகள் இருந்தன. தரகர் தன் வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார். ஒத்த வீட்டைவிட 3.7 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார். காரணம் எளிது. உங்கள் வீடு 10,000 டாலர் கூடுதலாகப் போனால் அவர் கைக்கு வருவது 150 டாலர்போல; அதற்காக இன்னும் பத்து நாள் அலைய அவருக்கென்ன?

இந்த ஆய்வின் துணை விளைவுதான் எனக்குப் பிடித்தது. விளம்பரங்களில் வரும் சொற்களை விலையோடு பொருத்திப் பார்த்தார்கள். கிரானைட், மேப்பிள் மரம், கோரியன் என்னும் செயற்கைக் கல் மேடை, இப்படித் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளைச் சொன்ன விளம்பரங்கள் கூடுதல் விலையோடு ஒட்டி நின்றன. 'அற்புதமான', 'விசாலமான', 'வசீகரமான', 'அருமையான சுற்றுப்புறம்' ஆகியவை குறைந்த விலையோடு. ஆச்சரியக்குறியும் அந்தப் பட்டியலில் இருந்தது! 'அற்புதமான' என்று எழுதியதால் விலை இறங்கியது என்று இதற்குப் பொருளில்லை. சொல்வதற்கு உருப்படியான ஒன்று இருந்தால் அதையே சொல்லியிருப்பார்கள். இல்லாத இடத்தில்தான் உரிச்சொல் வந்து உட்காருகிறது. வாங்குகிறவருக்கும் இது உள்ளூரத் தெரியும்.

நம் மனை விளம்பரங்களை இந்தக் கண்ணால் பார்க்கலாம். 'பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்', 'எதிர்காலத்தில் பல மடங்கு உயரும்', 'இயற்கை எழில் சூழ்ந்த' என்பன ஒரு பக்கம். 'டிடிசிபி அனுமதி எண் இது', '30 அடி தார்ச்சாலை', '20 அடியில் நல்ல தண்ணீர்' என்பன மறு பக்கம். பின்னவற்றில் ஒவ்வொன்றையும் போய்ச் சரிபார்க்கலாம். பொய் என்றால் பிடித்துவிடலாம். அதனாலேயே அவற்றுக்கு எடை. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்த திட்டங்களின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வாசகனாக எனக்கு ஒரு விளம்பரத்தில் படிக்கத்தக்க வரி பெரும்பாலும் அது ஒன்றுதான்.

விளம்பரம் பார்ப்பவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்துத் தொடர்ந்த ஆய்வும் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. கண் முதலில் போவது முதல் படத்துக்கு. பிறகு விலை, பரப்பு, அறை எண்ணிக்கை. தரகர் உருகி உருகி எழுதிய குறிப்புக்குக் கடைசி இடம். அதைப் பார்க்காமலே கடந்தவர்களும் கணிசம்.

சரி, எண்ணைப் பார்த்தவர் அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறாரா? 1987-இல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். உள்ளூர்த் தரகர்களை ஒரு நிஜ வீட்டுக்கு அழைத்துப்போய், சுற்றிக்காட்டி, பத்துப் பக்க விவரக் கட்டையும் கொடுத்து மதிப்புப் போடச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே விவரம். சொல்விலை மட்டும் ஆளுக்கொன்று. 65,900 டாலர் என்று பார்த்தவர்கள் போட்ட சராசரி மதிப்பு 68,000-க்குச் சற்றுக் குறைவு. 83,900 என்று பார்த்தவர்கள் 75,000-க்கு மேலே போனார்கள். எதை வைத்து முடிவுசெய்தீர்கள் என்று கேட்டதற்கு, சொல்விலையைக் குறிப்பிட்ட தரகர்கள் மிகச் சிலரே. தொழிலில் பழுத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், சொந்த வீட்டுக்கு 17.5 லட்சம் என்று ஒருமுறை திரையில் பார்த்துவிட்டவர் 10.5 லட்சத்துக்கு எப்படி மனமிறங்குவார்?

ஸில்லோவும் தன் எண்ணைத் தானே நம்பியது. 2018-இல், மதிப்புப் போட்டுக்கொண்டிருந்த நிறுவனம் வீடுகளை வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கியது. 2021 நவம்பரில் அதை இழுத்து மூடியது. கையிருப்பு வீடுகளின் மதிப்பில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி எழுத வேண்டிவந்தது. பணியாளர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போயிற்று. சில மாதம் கழித்து விலை எப்படி இருக்கும் என்று கணிக்க முடியவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். இன்னொரு காரணத்துக்கு 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்ச் சந்தை பற்றி எழுதிய கட்டுரைக்குப் போக வேண்டும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரை, பின்னாளில் அவருக்கு நோபல் வாங்கித் தந்தது. பொருளைப் பற்றி விற்கிறவனுக்கு வாங்குகிறவனைவிட அதிகம் தெரிந்தால் சந்தைக்கு மட்டமான சரக்கே அதிகம் வரும் என்பது அதன் சாரம். கணினி 5 சதவீதம் குறைத்து மதிப்பிட்ட வீட்டின் சொந்தக்காரர் விற்க மாட்டார். 5 சதவீதம் கூட்டி மதிப்பிட்ட வீட்டின் சொந்தக்காரர் ஓடிவந்து கையெழுத்துப் போடுவார். மேல்மாடியில் தண்ணீர் ஒழுகுவது அவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிழை இரு பக்கமும் சமமாக இருந்தாலும், வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் ஒரே பக்கப் பிழைதான் குவியும். படிக்கிறவருக்கு 7 சதவீதப் பிழை ஒரு பேச்சுப் பொருள். காசோலை எழுதுகிறவருக்கு அது முழு லாபத்தையும் தின்றுவிடும். வாங்குகிற கடை மூடியும் படிக்கிற கூட்டம் குறையவில்லை.

இந்த மதிப்பீட்டுக் கட்டடம் முழுக்க நிற்பது ஒரே அடித்தளத்தில்: உண்மையில் கைமாறிய விலை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995-லிருந்து நடந்த வீட்டு விற்பனைகளின் விலையை நிலப் பதிவகம் இலவசமாகவே தருகிறது. அமெரிக்காவிலேயே டெக்சஸ், யூட்டா போன்ற மாநிலங்களில் விற்பனை விலையை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே மதிப்பீடு தடுமாறுகிறது.

தமிழ்நாட்டில் தெருவாரியாக, சர்வே எண் வாரியாக அரசின் வழிகாட்டி மதிப்பு இணையத்தில் கிடைக்கிறது. அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டு ஒரு கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தது. அந்தக் கணினி, மாநிலம் முழுக்க நிலத்தின் விலை ராத்திரியோடு ராத்திரியாக மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது என்று படித்திருக்கும். மண்ணும் மனையும் அப்படியேதான் இருந்தன. தரகர் சொன்ன விலையும் இறங்கவில்லை. 2023 முதல் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம். கூட்டி எழுதினால் கூடக் கட்ட வேண்டும் என்பதால், பேசி முடித்த விலை வேறு, பத்திரத்தில் ஏறும் விலை வேறு என்பது பதிவு அலுவலக வாசலில் நிற்கும் யாருக்கும் தெரிந்த கதை.

பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கிரயத்துக்கும் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு. பல வரிகளில் இரண்டிலும் ஒரே எண்தான், கடைசி ரூபாய் வரைக்கும்.